அரைப்பங்குப் புலமை: கேரளக் கல்லூரிக் கலைவிழாக்களும் எல்லையோரத் தமிழ் மாணவர்களும்

நன்னூல் செய்த பவணந்தி முனிவர், மாணாக்கன் பாடம் கேட்கும் முறையைச் சொல்லுமிடத்தில் ஒரு கணக்குப் போடுகிறார். ஆசிரியர் சொன்னதை ஒன்று விடாமல் பிடித்துக்கொண்டாலும் புலமையில் கால்பங்குதான் தேறும். உடன் பயிலும் மாணாக்கரோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால்பங்கு வந்து சேரும். மிச்சமிருக்கும் அரைப்பங்கு, கற்றதைப் பிறர் முன்னே செவ்வையாக எடுத்துச் சொல்வதில்தான் இருக்கிறதாம். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்டிக்கொள்ள எழுதப்பட்ட இலக்கண நூலில் இப்படி ஒரு பேச்சு. நாற்பது வருஷமாகத் துணி அளந்து பிழைக்கிறவனுக்குக் கால், அரை, முக்கால் கணக்கு சட்டென்று பிடிபடும். புலவர்கள் இந்தச் சூத்திரத்தை மனப்பாடப் பகுதியாக ஓட்டிவிட்டுப் போவது எனக்கு எப்போதுமே வியப்புத்தான்.

பேச்சுப் போட்டி, கவிதை, நாடகம், கல்லூரி மலர், மாணவர் பேரவை முதலானவற்றையெல்லாம் இன்றைக்குப் 'பாடத்துக்குப் புறம்பானவை' என்று ஒரு தட்டில் வைத்துவிட்டார்கள். பவணந்தியார் கணக்குப்படி பார்த்தால் புறம்பு என்று ஒதுக்கினதுதான் முக்கால்பங்கு, வகுப்பறை கால்பங்கு. இந்த முக்கால்பங்கு நம்ம பாலக்காடு, இடுக்கி எல்லையோரத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எங்கே கிடைக்கிறது, எங்கே கைநழுவிப் போகிறது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை. சங்கத்து அன்பர்களில் பலர் தமிழ்நாட்டில் படித்துவிட்டுப் பிழைப்புக்காகக் கேரளம் வந்தவர்கள். இங்கே பிள்ளைகள் கல்லூரியில் என்னதான் செய்கிறார்கள், சனவரி பிப்ரவரியில் ஏன் ராத்திரி ரெண்டு மணிக்கு வீட்டுக்கு வருகிறார்கள் என்பது அவர்களுக்கு ஒரு புதிராகவே இருப்பதால், முதலில் அமைப்பைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

விழா வந்த வழி

1954இல் டெல்லி தல்கத்தோரா தோட்டத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான முதல் இளைஞர் விழா நடந்தது. ஒவ்வொரு மாநிலத்துப் பிள்ளைகளும் தங்கள் ஊர் ஆட்டமும் பாட்டும் கொண்டுவந்து காட்டினார்கள். அப்போது இங்கே பொதுக்கல்வித் துறை இயக்குநராக இருந்தவர் சி.எஸ்.வெங்கடேசுவரன். டெல்லியில் நடந்த பல்கலைக்கழகக் கலைப் போட்டியைப் பார்த்துவிட்டு வந்தவர், 'இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கே நடத்தினால் என்ன?' என்று நினைத்தார். கேரள மாநிலம் பிறந்து மூன்று மாதம்கூட ஆகாத 1957 சனவரியில் எறணாகுளத்தில் முதல் விழா நடந்தது. ஆக, நாம் 'கலோல்சவம்' என்று சொல்கிற இந்தப் பெரிய திருவிழா பல்கலைக்கழகத்திலிருந்து பள்ளிக்கு இறங்கி வந்தது. பிறகு அங்கே பழகின பிள்ளைகளே மேலே ஏறிப்போய்ப் பல்கலைக்கழக விழாவையும் வளர்த்தார்கள்.

அடுத்த வருஷம், 1958இல், வாய்ப்பாட்டில் முதல் பரிசு வாங்கின பையன் கே.ஜே.யேசுதாஸ். மிருதங்கத்தில் முதல் பரிசு பி.ஜெயச்சந்திரன். அவர் வாசிக்க இவர் பாடும் அந்தப் பழைய புகைப்படத்தைப் பார்க்காத மலையாளி இருக்க மாட்டார். 2025 சனவரியில் ஜெயச்சந்திரன் காலமானபோது பத்திரிகைகளில் அது மறுபடி வந்தது. தமிழில் அவர்கள் இருவரும் பாடின பாட்டுக்களை இங்கே பட்டியல் போட்டால் மலர்க்குழு பக்கம் போதாது என்று சண்டைக்கு வரும்.

கவிஞர் வைலோப்பிள்ளி ஸ்ரீதர மேனோன் சொன்ன யோசனையின்படி, அதிகப் புள்ளி எடுக்கும் மாவட்டத்துக்கு 117½ பவனில் தங்கக் கோப்பை 1987 முதல் கொடுக்கிறார்கள். 1986இல் கலாதிலகம், கலாபிரதிபா என்று பெண்ணுக்கும் ஆணுக்கும் பட்டங்கள் வந்தன. முதல் கலாபிரதிபா நமக்கெல்லாம் சினிமாவில் தெரிந்த வினீத். பட்டத்துக்காகப் பெற்றோர்கள் போட்ட போட்டியும், செலவும், அப்பீல் மேல் அப்பீலும் தாங்காமல் 2006இல் பட்டங்களை நிறுத்தி கிரேடு முறைக்கு வந்தார்கள். அப்பீல் மட்டும் நின்றபாடில்லை. கோவிட்டினால் இரண்டு கல்வியாண்டுகள் விழாவே நடக்காமல் 2023 சனவரியில் கோழிக்கோட்டில் மீண்டும் தொடங்கியது. 2018 திசம்பரில் ஆலப்புழையிலும் 2019 நவம்பரில் காசர்கோட்டிலும் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தது நம் பாலக்காடு மாவட்டம்தான் என்பதையும் இந்த இடத்தில் பெருமையோடு எழுதி வைக்கிறேன்.

இனிப் பல்கலைக்கழகம். பாலக்காடு விக்டோரியா கல்லூரி 1866இல் பள்ளிக்கூடமாகத் தொடங்கியது. 1888இல் கல்லூரி ஆயிற்று. முதலில் சென்னைப் பல்கலைக்கழகம், மாநிலப் பிரிவினைக்குப் பின் கேரளப் பல்கலைக்கழகம், 1968இல் கள்ளிக்கோட்டைப் பல்கலைக்கழகம் வந்தபின் அது என்று, இருந்த இடத்திலேயே மூன்று பல்கலைக்கழகங்களைப் பார்த்துவிட்டது. தேஞ்ஞிப்பலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கள்ளிக்கோட்டைப் பல்கலைக்கழகத்தின்கீழ் திருச்சூர், பாலக்காடு, மலப்புறம், கோழிக்கோடு, வயநாடு ஆகிய ஐந்து மாவட்டங்களில் 400க்கு மேல் கல்லூரிகள் இருக்கின்றன. அவ்வளவு பேரையும் ஒரே மேடையில் ஏற்ற முடியாதல்லவா? அதனால் மாவட்டத்துக்கொரு 'ஸோன்'. பாலக்காடு ஏ ஸோன், திருச்சூர் டி ஸோன் என்று எழுத்துப் பெயர். கல்லூரிக்குள் ஜெயித்தவர் ஸோனுக்குப் போவார். ஸோனில் ஜெயித்தவர் இன்டர்ஸோனுக்குப் போவார். அங்கிருந்து தென்மண்டலப் பல்கலைக்கழக விழா, பிறகு தேசிய விழா. படிக்கட்டு இதுதான். இடுக்கிப் பக்கத்துக் கல்லூரிகள் 1983 அக்டோபர் 2இல் காந்திஜி பல்கலைக்கழகம் என்ற பெயரோடு கோட்டயத்தில் தொடங்கிய மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. மூணாற்றுப் பிள்ளை அதன் கலைவிழாவுக்குப் போகவேண்டுமானால் மலையிறங்கி நாலைந்து மணி நேரம் பஸ்ஸில் குலுங்க வேண்டும்.

கல்லூரியின் வருஷக் கணக்கு

இந்த விழாவை வாத்தியார்கள் நடத்துவதாக நம்மவர்கள் நினைக்கிறார்கள். நடத்துகிறவர்கள் மாணவர்களே. கல்லூரி யூனியன் தேர்தலில் சேர்மன், ஜெனரல் செக்ரட்டரி மாத்திரமல்ல, கலைவிழாவுக்கென்று ஃபைன் ஆர்ட்ஸ் செக்ரட்டரி, கல்லூரி மலருக்கென்று மாணவ ஆசிரியர், விளையாட்டுக்கு ஜெனரல் கேப்டன், பல்கலைக்கழக யூனியனில் போய் ஓட்டுப் போடக் கவுன்சிலர்கள் என்று பலரும் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். லிங்டோ குழு சொன்ன விதிகளை உச்ச நீதிமன்றம் 2006இல் ஏற்று நடைமுறைப்படுத்தியது. வேட்பாளர் செலவு 5,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது, 75 சதவீத வருகை வேண்டும், இளங்கலை மாணவருக்கு வயது 17 முதல் 22 வரை, அச்சடித்த சுவரொட்டி கூடாது, கையால் எழுதியதுதான் ஒட்டலாம். இந்தக் கடைசி விதியினால் எங்கள் கடையில் காடாத்துணி வியாபாரம் சில வருஷம் நன்றாக ஓடிற்று என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

யூனியன் என்றால் கட்சி, கட்சி என்றால் அடிதடி என்று பயந்து நம் வீடுகளில் பிள்ளைகளைத் தடுத்து வைக்கிறோம். அடிதடி இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2025 சனவரியில் மாளாவில் டி ஸோன் விழா நடந்த இடத்திலேயே மாணவர் அமைப்புகள் மோதிக்கொண்ட செய்தி எல்லோரும் படித்ததே. ஆனாலும் ஒன்று யோசிக்க வேண்டும். விழாவின் தேதி, மேடை, வரிசை, நிதி எல்லாம் அந்த யூனியன் கையில் இருக்கும்போது, அதில் தமிழ்ப் பிள்ளை ஒருத்தர்கூட இல்லையென்றால் தமிழ்ப் போட்டி எந்த மேடையில், எந்த நேரத்தில் வைக்கப்படும்? ஒப்பனை ஆட்டமும் திருவாதிரைக்களியும் பெரிய மேடையில் நடக்கிற அதே நேரத்தில், மாடியில் மூலை வகுப்பறையில், நடுவர் மூன்று பேரும் அடுத்த போட்டிக்காரர் இரண்டு பேரும் கேட்க, நம்ம பிள்ளை கவிதை சொல்லிவிட்டு இறங்கி வரும். பவணந்தியார் சொன்ன அரைப்பங்குக்குக் கேட்பவர் வேண்டுமே!

மாணவ ஆசிரியர் பதவியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கேரளக் கல்லூரிகளில் வருஷ மலர் என்பது முதல்வர் படமும் ஆண்டறிக்கையும் போட்டு மூடிவைக்கிற புத்தகம் அல்ல. தலைப்பிலேயே வம்பை விலைக்கு வாங்கும் மலர்கள் உண்டு. பல்கலைக்கழகம் வரை சர்ச்சை போன மலர்களும் உண்டு. எழுத்தாளர்கள் முளைப்பது இந்தச் சூழலில்தான். எம்.டி.வாசுதேவன் நாயர் விக்டோரியாவில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தபோதே, 1952இல், நண்பர்கள் சேர்ந்து அவருடைய முதல் சிறுகதைத் தொகுப்பை வெளியிட்டார்கள். 1953இல் பட்டம், 1954இல் மாத்ருபூமி நடத்திய சிறுகதைப் போட்டியில் முதல் பரிசு. 'கசாக்கின்டெ இதிகாசம்' எழுதின ஓ.வி.விஜயனும் அதே கல்லூரிதான். வேதியியல் ஆசிரியர் எம்.டி.க்குக் கொடுத்தது கால்பங்கு. புத்தகம் போட்ட நண்பர்கள் கொடுத்தது என்ன பங்கு என்று வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

எல்லையில் தமிழின் நிலை

பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரம் முழுவதும் தமிழ்தான். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, வேலந்தாவளம், கோபாலபுரம், தெற்கே முதலமடை, கோவிந்தாபுரம். சித்தூர் பழைய கொச்சி ராஜ்யம். பாலக்காடு மலபார் ஜில்லா. ராஜ்யம் வேறானாலும் சந்தை ஒன்று, பேச்சு ஒன்று. இடுக்கியில் மூணாறு, தேவிகுளம், மறையூர், காந்தளூர், வட்டவடை, பீர்மேடு, வண்டிப்பெரியாறு, குமுளி. 1956இல் யாருக்கு எந்தத் தாலுகா என்று நடந்த வழக்கை மறுபடி கிளறுவது இங்கே நோக்கமில்லை. அரசோடு தமிழிலேயே கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ளத் தமிழ்ச் சிறுபான்மையினருக்கு 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. தமிழ்வழிப் பள்ளிகளும் இருக்கின்றன.

பள்ளி வரைக்கும் சரி. அதாவது கால்பங்கு சரி. ப்ளஸ் ஒன் போனதும் பாடமெல்லாம் இங்கிலீஷ், பேச்செல்லாம் மலையாளம் என்று ஆகிவிடுகிறது. அங்கேதான் இரண்டாவது கால்பங்கும் அரைப்பங்கும் சேர்ந்து கழன்று போகிறது. வாயாடிப் பையன் என்று நான் சின்ன வயசிலிருந்து பார்த்த ஒருத்தன், கல்லூரி சேர்ந்த ஒரு வருஷத்தில் கடையில் வந்து நின்று தலையை மட்டும் ஆட்டினான். மலையாளம் பேசினால் 'பாண்டி' என்று சிரிப்பார்களோ என்ற பயம், தமிழ் பேசினால் யாரிடம் பேசுவது என்ற கேள்வி. ரெண்டுக்கும் நடுவில் வாய் மூடிக்கொள்கிறது.

இதற்கு மாற்றாக இருக்கிற இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. சோகநாசினி ஆற்றங்கரையில் 1947இல் தொடங்கிய சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறை முதுகலை வரை இருக்கிறது. மூணாறு அரசுக் கல்லூரியிலும் தமிழ் படிக்கலாம். 2018 ஆகஸ்ட் மழையில் மண் சரிந்து அந்தக் கல்லூரிக் கட்டடங்கள் சேதமாகி, வகுப்புகளை வேறு வளாகத்துக்கு மாற்ற நேர்ந்தது. கட்டடம் போனால் வகுப்பை எங்கேயாவது நடத்திவிடலாம். மேடையும் அரங்கும் உடனே கிடைத்துவிடாது. திருவனந்தபுரத்தில் அன்றைய திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறை அமைந்தது அழகப்பச் செட்டியாரின் கொடையினால். அந்தத் துறையில்தான் வையாபுரிப் பிள்ளை அவர்கள் பேராசிரியராக இருந்தார்கள். ஒரு வியாபாரி முதல் போட்டார், இன்று வரை தமிழுக்கு வட்டி வந்துகொண்டிருக்கிறது. என் தொழில்காரர்கள் அதிகம் பேர் இதை அறியமாட்டார்கள் என்பதால் இடையில் சொன்னேன்.

பள்ளிக் கலோல்சவத்தில் தமிழுக்குப் 'பத்யம் சொல்லல்' என்னும் செய்யுள் ஒப்புவித்தலும் பேச்சுப் போட்டியும் உண்டு. பல்கலைக்கழக விழாவிலும் மேடையில்லாப் போட்டிகளான கதை, கவிதை, கட்டுரை ஆகியவற்றில் மலையாளம், ஆங்கிலம், இந்தி இவற்றோடு தமிழும் இடம்பெறுகிறது. வேறு எந்த அரசு நிகழ்ச்சியிலும் தமிழுக்கு இப்படி ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கவில்லை. போட்டியாளர் வராவிட்டால் அந்த நாற்காலி காலியாகவே கிடக்கும், அவ்வளவுதான்.

ஒப்புவித்தலில் ஒரு நுணுக்கம்

உபஜில்லா அளவில் தமிழ்ச் செய்யுள் ஒப்புவித்தலுக்கு நடுவராக இருக்க என்னைச் சில தடவை அழைத்திருக்கிறார்கள். அங்கே பார்த்த ஒரு விஷயம் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது. தமிழே தெரியாத மலையாளப் பிள்ளைகள் பாரதியார் பாட்டை மலையாள எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்து வருகிறார்கள். பரிசும் வாங்குகிறார்கள். நம்மவர்களில் சிலருக்கு இது பெரிய கோபம். 'நம்ம போட்டியை அவங்க பிடுங்கிக்கிறாங்க' என்கிறார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. ஏனென்றால் அந்தப் பிள்ளை ழகரத்தைச் சுத்தமாகச் சொல்லுகிறது! மலையாளத்தில் ழகரம் உயிரோடிருக்கிறது; மழை, வாழை, பழம் என்று தினமும் வாயில் புழங்குகிறது. நம்ம பிள்ளை 'தமிள்' என்கிறது. தமிழ்ப் போட்டியில் 'தமிள்' என்று சொன்ன பிள்ளைக்கு எந்த மனசாட்சியோடு முதல் மார்க்குப் போடுவது?

ஆனால் மலையாளப் பிள்ளை வேறோரிடத்தில் மாட்டிக்கொள்ளும். தமிழில் ககரம் ஒன்றே. சொல்லின் முதலில் வல்லோசை, இடையில் மெல்லோசை, ஙகரத்தின் பின்னே இன்னோர் ஓசை. தங்கம், சங்கம், பங்கு என்று எழுதினால் எப்படி ஒலிக்க வேண்டும் என்று தமிழன் நாக்குக்குச் சொல்லித்தர வேண்டாம். மலையாள எழுத்தில் பெயர்த்து எழுதும்போது அந்தக் ககரம் அங்கே வல்லோசையாகவே நின்றுவிடும். 'தங்க்கம்' என்று அடித்தாற்போல வரும். எழுதிக் கொடுத்த வாத்தியார் அங்கே வேறு எழுத்துப் போட்டிருக்க வேண்டும், போடத் தெரியவில்லை. ஆக, ழகரத்தில் அவர்களும் ஙகரக் ககரத்தில் நம்மவர்களும் கெட்டிக்காரர்கள். இரண்டு பிள்ளைகளையும் ஒரு வாரம் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தால் இரண்டும் திருந்தும். உடன் பயில்வோரால் வரும் கால்பங்கு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்று. மலையாளத்தில் கவிதை சொல்வதென்றால் ராகம் போட்டுப் பாடுவதுதான். தமிழ்நாட்டு வழக்கத்தில் கையை நீட்டி, கண்ணை உருட்டி, முழங்குவது. பாடுகிற பிள்ளையையே கேட்டுப் பழகின நடுவருக்கு முழங்குகிற பிள்ளை கத்துவதாகத் தோன்றும். இதில் அநியாயம் என்று கூவுவதில் பயனில்லை. தமிழுக்கும் பாடும் மரபு இருக்கிறதே! விருத்தத்தை ராகத்தில் எடுப்பது நாடகக் கொட்டகையிலும் பஜனை மடத்திலும் நேற்றுவரை இருந்தது. வெண்பாவுக்கு ஓர் ஓசை, ஆசிரியத்துக்கு ஓர் ஓசை என்று இலக்கணமே பேசுகிறது. நம்ம பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்பதுதான் குறை. அட்சரசுலோகம் என்று ஒரு போட்டி கேரளத்தில் உண்டு: ஒருவர் ஒரு சுலோகம் சொன்னால், அதன் மூன்றாம் அடியின் முதலெழுத்தில் தொடங்கும் சுலோகத்தை அடுத்தவர் சொல்ல வேண்டும். நம் அந்தாதிக்கு இது ஒன்றுவிட்ட தங்கை. தமிழில் விருத்தத்தை வைத்து இப்படி ஆடிப் பார்த்தால் நானூறு பாட்டு மனசில் தங்கிவிடும். எந்தக் கல்லூரித் தமிழ் மன்றமும் இதைச் செய்யத் தொடங்கினால் முதல் வருஷத்துப் பரிசுப் புத்தகங்கள் என் செலவு.

கடை மேஜைக்கு இந்தப்பக்கம்

விழாக் காலத்தில் என் கடைக்கு வருகிற கூட்டத்திலிருந்து எனக்குத் தெரிந்த பொருளாதாரம் ஒன்று உண்டு. திருவாதிரைக்களிக்குச் செட்டு முண்டு பத்துப் பேருக்கு ஒரே கரையில் வேண்டும். மார்க்கங்களிக்கு வெள்ளைச் சட்டையும், பின்னால் விசிறி மடிப்பு வைத்த முண்டும். ஒப்பனைக்குப் பளபளவென்று சாட்டின், ஜரிகை, தலையில் போடும் தட்டம். துணி போக நகை வாடகை, மேக்கப், பாட்டுக்காரர், சொல்லிக்கொடுக்கும் ஆசான் சம்பளம். குழு நடனத்துக்கு இறங்கினால் ஒரு நடுத்தரக் குடும்பம் மூச்சுத் திணறும். ஆகவே எஸ்டேட் லயத்திலிருந்து வருகிற பிள்ளைக்கும், கொழிஞ்சாம்பாறைத் தென்னந்தோப்புக் கூலிக்காரர் பிள்ளைக்கும் அந்த வாசல் பெரும்பாலும் சாத்தியே கிடக்கும்.

கவிதை எழுதுவதற்கு ஒரு பேனா போதும். பேச்சுக்குத் தொண்டை போதும். கிரேஸ் மார்க்கு என்று வரும்போது, ஜரிகை கட்டி ஆடின பிள்ளைக்கும் பேனா பிடித்த பிள்ளைக்கும் ஒரே கிரேடுக்கு ஒரே மதிப்பு. வரவு செலவு பார்த்தால் நம்ம பிள்ளைகளுக்குத் தமிழ்ப் போட்டிகளைப் போல லாபமுள்ள சரக்கு வேறில்லை. இப்படிச் சொல்வதைக் கேட்டு ஒரு நண்பர், 'மொழியைக்கூட வியாபாரமாப் பாக்கறீங்களே' என்றார். வியாபாரி வேறு எப்படிப் பார்ப்பான்? மார்க்குக்காகத் தமிழ் படித்த பிள்ளை மார்க்கு வாங்கின பிறகும் தமிழை மறக்கப்போவதில்லையே.

மலை ஏறி வந்த புது வரவு

2025 சனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த கலோல்சவத்தில் முதல் தடவையாகப் பழங்குடி மக்களின் ஐந்து ஆட்டங்களைப் போட்டியில் சேர்த்தார்கள். மங்கலங்களி, பணிய நிருத்தம், இருள நிருத்தம், மலைப்புலைய ஆட்டம், பளிய நிருத்தம். இதில் கடைசி மூன்றையும் பாருங்கள். இருளர் அட்டப்பாடி, மலைப்புலையர் மறையூர்ப் பக்கம், பளியர் குமுளிப் பக்கம். மூன்றும் நம் எல்லை மலைகள்! இருளர் மொழி தமிழுக்கு ரொம்ப நெருக்கம். 'அய்யப்பனும் கோசியும்' படத்தில் அட்டப்பாடி நஞ்சியம்மாள் பாடினதற்கு 2022இல் தேசிய விருது அறிவித்தபோது, தமிழ்நாட்டில் அந்தப் பாட்டைப் பொருள் கேட்காமலே ரசித்தவர்கள் பலர்.

இதுவரை பறையும் குழலும் காட்டுக்குள்ளே அடித்தால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது திருச்சூர்ப் பள்ளியும் ஆலப்புழைப் பள்ளியும் மறையூருக்கு ஆளனுப்பி ஆசான் தேடுகின்றன. இதில் ஒரு கவலையும் இருக்கிறது. ஆட்டம் மேடைக்கு வந்து, நிமிஷக் கணக்குக்கும் நடுவர் கணக்குக்கும் அளவெடுத்துத் தைக்கப்பட்டால், கீழ்நாட்டு வசதியுள்ள பிள்ளைகள் பரிசு வாங்கி, ஊர்ப் பிள்ளை வேடிக்கை பார்க்கும் நிலை வரலாம். தமிழ் ஒப்புவித்தலில் கண்டதைப் போலவே இதுவும். ஆனால் அந்த ஆட்டத்தோடு பிறந்த பிள்ளை பள்ளி முடித்துக் கல்லூரிக்கு வரும்போது, 'எங்க பாட்டி ஆடினது இது' என்று வாய் திறந்து சொல்ல ஓர் இடம் உண்டாகியிருக்கிறது. கல்லூரி விழாக்களும் இதைக் கவனித்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

எல்லை தாண்டிப் போகிறவர்கள்

'எதுக்கு இந்தத் தொல்லை, பொள்ளாச்சியிலோ கோயமுத்தூரிலோ சேர்த்துவிட்டாப் போச்சு' என்று நிறையக் குடும்பங்கள் நினைக்கின்றன. மூணாற்றுக்காரருக்கு உடுமலையும் தேனியும் போடியும். அங்கே தமிழ் மன்றம் இருக்கிறது, பட்டிமன்றம் இருக்கிறது, கேட்கத் தமிழ்க் காது ஆயிரம் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கல்லூரி மேடை சாமானிய மேடையா? 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் எம்.ஏ. படித்த நெடுஞ்செழியனும் அன்பழகனும் அந்த விடுதி, மன்றம், கூட்டம் இவற்றில் பழகின பேச்சை வைத்தே பின்னாளில் மாநிலத்தை ஆளும் அளவுக்கு வந்தார்கள். அதைக் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் கணக்கில் ஒரு ஓட்டை. எல்லை தாண்டிப் போய்ப் படித்த பிள்ளையின் குரல் இங்கே எந்த ஸோனிலும் கேட்காது, எந்த மலரிலும் பதியாது. இங்கே தமிழ் இளங்கலைக்கு ஆள் குறைந்தால் அந்த இடங்களுக்கும் ஆபத்து. இங்கே தங்கிப் படித்த பிள்ளை மலையாளத்திலும் பேசும், தமிழிலும் பேசும். பி.எஸ்.சி. தேர்வு எழுதி, நாளைக்கு தாலுகா ஆபீசில் உட்கார்ந்து, தமிழில் வருகிற மனுவைப் படிக்கப்போவது அந்தப் பிள்ளைதானே? 1969 சட்டம் தமிழில் மனு எழுத உரிமை கொடுத்தது. படித்துப் பதில் போட ஆளைச் சட்டம் உண்டாக்காது.

நடைமுறையில் சில

நமது சங்கத்தில் ஒவ்வோராண்டும் பொங்கலுக்குப் பேச்சுப் போட்டி வைக்கிறோம், எல்.கே.ஜி. பிள்ளைக்கும் பரிசு, கல்லூரிப் பிள்ளைக்கும் பரிசு. அதைக் கொஞ்சம் முன்னே தள்ளி, கல்லூரிகளில் மேடையில்லாப் போட்டிகள் தொடங்குவதற்கு முன் வைத்தால் பிள்ளைகளுக்கு அது ஒத்திகையாகவும் ஆகும். பேச வருகிறவர்களுக்கு மாலை போடுகிற செலவில் பாரதிதாசனும் திரு.வி.க.வும் பத்துப் பிரதி வாங்கிச் சித்தூருக்கும் மூணாற்றுக்கும் அனுப்பலாம். நடுவர் வேண்டுமென்று பள்ளியோ கல்லூரியோ கேட்டால் 'கடையில் ஆளில்லை' என்று சொல்லாமல் ஒருத்தராவது போக வேண்டும். நடுவர் கிடைக்காமல் தமிழே தெரியாதவரை உட்காரவைத்த ஒரு போட்டியை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஊரையும் பள்ளியையும் சொல்ல விரும்பவில்லை. பாவம், அவர் தாளம் பார்த்து மார்க்குப் போட்டார்.

கல்லூரி மலரில் தமிழ்ப் பக்கம் கேட்பது எளிது. மாணவ ஆசிரியரிடம் போய்க் கேட்டாலே பெரும்பாலும் கொடுத்துவிடுவார், நல்ல பிள்ளைகள். சிக்கல் பிறகுதான் வருகிறது. பக்கம் வடிவமைக்கிற டி.டி.பி. சென்டரில் தமிழ் எழுத்துரு மாறி, கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகச் சிதறிப்போகும். மெய்ப்புப் பார்க்க அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது. பிள்ளை ஆசையாக எழுதின கவிதை, பிழை மலிந்து அச்சாகி வந்தபின் அதை வீட்டில் காட்டக்கூட அதற்கு மனம் வருவதில்லை. ஆகவே கதையோ கவிதையோ யூனிகோடில் தட்டச்சு செய்து, அச்சுக்குப் போகுமுன் பி.டி.எஃப். ஆக வாங்கி, தமிழ் தெரிந்த இரண்டு பேரிடம் காட்டிவிட வேண்டும். பாலக்காட்டில் அப்படி ஆள் கிடைக்காத பிள்ளைகள் என் கடைக்கு வரலாம். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை வியாபாரம் மந்தம்தான். கண்ணாடியும் சிவப்புப் பேனாவும் கல்லாப்பெட்டியிலேயே இருக்கும்.